போர்ப் பதற்றம் வந்தால் அரசு நம் வாட்ஸ்அப்பைப் படிக்குமா? புதுச்சேரி, கடலூர் பக்கம் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் ஃபார்வர்டு, அதாவது "நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவாகும், மூன்று சிவப்பு டிக் வந்தால் உங்கள் மேல் நடவடிக்கை தொடங்கிவிட்டது" என்பது, முழுப் பொய். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக், இரட்டை டிக், நீல டிக் அவ்வளவுதான். சிவப்பு டிக் என்று ஒன்று அந்தச் செயலியில் கிடையாது. எல்லையில் சண்டை, ஊரில் கலவரம், கொரோனா என எது வந்தாலும் இதே வாசகம் தேதி மட்டும் மாறி வந்துகொண்டே இருக்கும். அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆனால் இது பொய் என்பதற்காகக் கண்காணிப்பே இல்லை என்று ஆகிவிடாது. "படிக்கிறார்களா, இல்லையா" என்று வாதாடுபவர்கள் எல்லோரும் கடிதத்துக்குள் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறார்கள். உறையின் மேல் இருப்பதுதான் போலீசுக்கும் உளவுத்துறைக்கும், போர் வந்தால் ராணுவத்துக்கும் அதிகம் உதவுகிறது: யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எங்கிருந்து. அதை எடுக்கச் சட்டத்தில் தடையும் குறைவு. அதனால் என் பதிலில் பெரும்பகுதி அந்த உறையைப் பற்றித்தான்.

முதலில் உள்ளடக்கம். 2016 ஏப்ரலிலிருந்து வாட்ஸ்அப் செய்திகள் இரு முனைக்கு இடையே பூட்டப்பட்டுத்தான் போகின்றன. சாவி இரண்டு பேரின் போனிலும் இருக்கிறது, நிறுவனத்தின் சர்வரில் இல்லை. அரசு உத்தரவு போட்டாலும் அவர்களிடம் கொடுக்க வாசகம் கிடையாது. முதலில் அனுப்பியவர் யார் என்றாவது சொல்ல வேண்டும் என்ற வழக்கு 2019-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் சூடு பிடித்தது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி அங்கே யோசனை கொடுத்தார். மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்து எழுதினார். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்று அது விதியாகவே வந்துவிட்டது. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போவோம் என்று 2024 ஏப்ரலில் சொன்னது. டெலிகிராம் கதை வேறு. அதன் சாதாரண சாட்டும் குழுக்களும் இப்படிப் பூட்டப்பட்டவை அல்ல. "சீக்ரெட் சாட்" மட்டுமே பூட்டியது, அதுவும் இருவருக்கு இடையில்தான். டெலிகிராம்தான் பாதுகாப்பு என்று குழுவை அங்கே மாற்றுபவர்கள் உண்மையில் பூட்டு இல்லாத இடத்துக்குப் போகிறார்கள்.

பிறகு வாட்ஸ்அப் செய்தி எப்படி வழக்கில் சாட்சியாக வருகிறது? பெரும்பாலும் குழுவில் இருக்கும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுப்பதால். அல்லது போன் கைப்பற்றப்படுவதால். மூன்றாவது வழி பேக்கப். போனில் பூட்டியிருந்தாலும் கூகுள் டிரைவில் ஏறும் நகலுக்கு அந்தப் பூட்டு தானாக வராது, நீங்கள்தான் போட வேண்டும். அமைப்புகள், சாட்கள், சாட் பேக்கப், அதற்குள் "எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ட்டட் பேக்கப்" என்று இருப்பதை ஆன் செய்து கடவுச்சொல் வையுங்கள், அல்லது 64 இலக்கச் சாவியை எழுதி வையுங்கள். தொலைத்துவிட்டால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. இதில் பலரும் தவறவிடுவது: நீங்கள் பூட்டினாலும் எதிர்முனையில் இருப்பவர் பூட்டாவிட்டால் அதே உரையாடல் அவர் டிரைவில் திறந்துதான் கிடக்கும். இன்னொன்று "லிங்க்ட் டிவைசஸ்". நான்கு கருவிகள் வரை இணைக்கலாம் என்பதால், பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்திலோ ஒருமுறை திறந்துவிட்டு லாக் அவுட் செய்யாத கணினியில் உங்கள் சாட் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலை மாதம் ஒருமுறை பாருங்கள்.

பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் பூட்டை உடைப்பதில்லை. போனுக்குள்ளேயே உட்கார்ந்து திரையைப் படிக்கும். 2019-ல் வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே சுமார் 1,400 பேரின் போன்கள் குறிவைக்கப்பட்டன. 2021-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு 29 போன்களைச் சோதித்து, 5-ல் ஏதோ தீய மென்பொருள் இருப்பதாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றும் அறிக்கை தந்தது. அரசு ஒத்துழைக்கவில்லை என்பதும் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. இது விலை உயர்ந்த ஆயுதம், பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல்வாதி மேல்தான் பாயும். மற்றவர்கள் போனை அப்டேட் செய்துகொண்டு, அவ்வப்போது ரீஸ்டார்ட் செய்தாலே போதும். இந்த வகையில் பல மென்பொருள்கள் ரீஸ்டார்ட்டைத் தாண்டி உயிரோடு இருப்பதில்லை.

சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வேறு. தொலைபேசி நிறுவனத்தின் கருவிக்குள் அவை திறந்த நிலையில்தான் போகின்றன, உத்தரவு இருந்தால் ஒட்டுக் கேட்கலாம். 1885-ன் தந்திச் சட்டம் பிரிவு 5(2) "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு" இருந்தால் மட்டும் என்றது; 2024 ஜூனிலிருந்து அதன் இடத்தில் இருக்கும் 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் பிரிவு 20(2)-ம் அதையே சொல்கிறது. 1996-ல் பியுசிஎல் என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு வரம்பு கட்டியது. 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளின்படி, கடலூரில் ஒருவரின் போனை மாநில போலீஸ் கேட்க வேண்டுமானால் உள்துறைச் செயலரின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவு 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. அவசரமென்றால் ஐ.ஜி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி தொடங்கிவிட்டு, ஏழு வேலை நாளுக்குள் ஒப்புதல் வாங்க வேண்டும். மறுஆய்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்: மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், இன்னொரு செயலர். நீதிபதி ஒருவரும் இல்லை. உத்தரவு போட்டவரும் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். இணையச் சண்டைகளில் இதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

ஆனாலும் கேட்கத் தகுந்த இடம் இருக்கிறது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் ஒரே உயர் நீதிமன்றம், சென்னை. 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மத்திய உள்துறை 2011-ல் போட்ட ஒட்டுக்கேட்பு உத்தரவு ஒன்றை ரத்து செய்தார். லஞ்ச வழக்கில் துப்புத் துலக்குவது "பொது அவசரநிலை" ஆகாது என்பதும், கேட்ட பதிவுகளை மறுஆய்வுக் குழு முன் வைக்கவே இல்லை என்பதும் முக்கியக் காரணங்கள். வழக்கறிஞரிடம் போகும் யாரும் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேட்கலாம்.

இனி உறை. இதற்கு உள்துறைச் செயலர் தேவையில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 91, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் பிரிவு 94. எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியின் கடிதம் போனால் நிறுவனம் சிடிஆர், அதாவது அழைப்பு விவர ஏட்டை, கொடுத்துவிடும். குறைந்தது இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை, 2021 டிசம்பர் வரை அது ஒரு வருடமாக இருந்தது. அந்த ஏட்டில் இருப்பவை: அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், நேரம், எத்தனை நொடி, போன் கருவியின் தனி எண்ணான ஐஎம்இஐ, அழைப்பு தொடங்கியபோதும் முடிந்தபோதும் எந்த செல் ஐடி, அதாவது எந்த டவரின் எந்தப் பக்கம். பேச்சு ஒரு வார்த்தைகூட இருக்காது. ஆனால் மூன்று மாத ஏட்டை விரித்தால் நீங்கள் எங்கே தூங்குகிறீர்கள், எந்த மருத்துவரிடம் போகிறீர்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள் என்பது தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் அழைப்பு சிடிஆரில் வராது. அது ஐபிடிஆர் என்ற இணைய இணைப்பு ஏட்டில் வரும்: எந்த ஐபி (இணைய முகவரி), எந்த போர்ட் (அதற்குள் இணைப்பின் எண்), எத்தனை மணிக்குத் தொடங்கி முடிந்தது, எவ்வளவு டேட்டா. இருவர் பேசும்போது வாட்ஸ்அப் பெரும்பாலும் ஒரு போனிலிருந்து மற்றதற்கு நேராக இணைத்துவிடும் என்பதால், எதிர்முனையின் ஐபி உங்கள் ஐபிடிஆரில் பதிந்துவிடுகிறது. போலீஸ் எதிராளியைக் கண்டுபிடிக்கும் ஒரு வழி இது. அமைப்புகளில் பிரைவசி, அட்வான்ஸ்டு என்று போய், அழைப்பில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் வசதியை ஆன் செய்தால் அழைப்பு வாட்ஸ்அப் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். குரல் தரம் கொஞ்சம் குறையலாம். அழைப்பவருக்கே உங்கள் ஐபி தெரியாது என்பதால், மோசடிப் பேர்வழிகளிடமிருந்தும் இது காப்பாற்றும்.

செல் ஐடி பற்றி நம் பகுதிக்காரர்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சிடிஆரில் இருக்கும் முகவரி டவரின் முகவரி, உங்கள் முகவரி அல்ல. டவர் பொதுவாக 120 டிகிரி கொண்ட மூன்று பக்கங்களாகப் பிரிந்திருக்கும். நேரு வீதி மாதிரி நெருக்கமான இடத்தில் ஒரு பக்கம் சில நூறு மீட்டரில் முடிந்துவிடும். பாகூர் வயல்வெளியிலும் கடற்கரையிலும் பல கிலோமீட்டர் நீளும். நெட்வொர்க் உள்ளுக்குள் தூரத்தைக் கணக்கிடுகிறது. 4ஜி-யில் சுமார் 78 மீட்டர், பழைய 2ஜி-யில் சுமார் 550 மீட்டர் படிகளில். ஆனால் போலீசுக்குப் போகும் ஏட்டில் அந்தக் கணக்கு பெரும்பாலும் வராது. புதுச்சேரி எல்லைக்குள் கன்னியக்கோயிலில் வீட்டில் உட்கார்ந்திருப்பவரின் போன் கடலூர் மாவட்டத்து ரெட்டிச்சாவடி டவரைப் பிடிக்கும், புதுச்சேரியின் முள்ளோடையில் டீ குடிப்பவர் ஏட்டில் கடலூர் மாவட்டத்தில் இருப்பார். ஒரு டவர் நெரிசலாக இருந்தால் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுத் தூரத்து டவருக்குப் போன் தாவும். சம்பவ நேரத்தில் அந்த டவரில் இருந்த எல்லா எண்களையும் மொத்தமாக வாங்கும் "டவர் டம்ப்"பில் இப்படிச் சம்பந்தமில்லாதவர்கள் நூற்றுக்கணக்கில் வருவார்கள். "தப்பு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெயர் வரத் தப்பு செய்திருக்க வேண்டிய அவசியமில்லை. அப்படி விசாரணைக்கு அழைக்கப்பட்டால், குறிப்பிட்ட செல் ஐடி எந்தத் திசையில் எவ்வளவு தூரம் எட்டும் என்ற விவரத்தை நிறுவனத்திடமிருந்து பெறும்படி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள்.

போரில் இதே உறைதான் ஆளைக் கொல்கிறது. செச்சென் தலைவர் துதாயெவ் 1996 ஏப்ரலில் சாட்டிலைட் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சமிக்ஞையை வைத்தே ரஷ்ய ஏவுகணை அவரைக் கொன்றது. 2023 புத்தாண்டு அன்று உக்ரைனின் மகீவ்காவில் ரஷ்யப் படைவீரர்கள் தங்கியிருந்த கட்டடம் தாக்கப்பட்டு 89 பேர் இறந்ததாக ரஷ்யா சொன்னது. வீரர்கள் தடையை மீறிப் போன் பயன்படுத்தியதே காரணம் என்று அதன் அமைச்சகம் கூறியது. அதிகாரிகளின் தவறை மறைக்கும் பேச்சு என்று ரஷ்யர்களே சிலர் மறுத்தார்கள். அமெரிக்க உளவு அமைப்புகளான என்எஸ்ஏ, சிஐஏ இரண்டுக்கும் தலைவராக இருந்த மைக்கேல் ஹேடன், மெட்டாடேட்டாவை, அதாவது இந்த உறை விவரத்தை வைத்து ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014-ல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார்.

நமக்கு இதில் நடைமுறையில் இரண்டு விஷயம். ஒன்று, அனுமதியில்லாத சாட்டிலைட் போன். 2025 ஜனவரியில் புதுச்சேரி விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவரின் பையில் இரிடியம் போன் கிடைத்து, போலீஸ் விசாரணை வரை போனது. மலையேறுபவர்கள் வைத்திருக்கும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் கருவிக்கும் இதே கதிதான். கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்கள் வெளிநாட்டு விருந்தினர்களிடம் அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். விசைப்படகுகளுக்கு அரசே தரும் டிரான்ஸ்பாண்டர் இதில் சேராது, அதைக் கழற்றி வைக்காதீர்கள்.

இன்னொன்று படம். புதுச்சேரியில் கடலோரக் காவல் படை தளம் இருக்கிறது. பதற்றமான நாட்களில் கப்பல், ஹெலிகாப்டர் நகர்வைக் கடற்கரைச் சாலையிலிருந்து எடுத்துப் போடுவது பெருமை இல்லை. பின்னணியில் கலங்கரை விளக்கமும் நிழலின் கோணமும் இருந்தாலே இடத்தையும் நேரத்தையும் கணித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் ஜிபிஎஸ் விவரம் நீங்கிவிடும், "டாக்குமெண்ட்" ஆக அனுப்பினால் அப்படியே போகும். இதில் அரசின் கட்டுப்பாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்த 2025 மே 8 அன்று 8,000-க்கும் மேற்பட்ட கணக்குகளை முடக்க உத்தரவு வந்ததாகவும், பல கணக்குகளுக்குக் காரணமே சொல்லப்படவில்லை என்றும் எக்ஸ் நிறுவனம் அறிவித்ததே, அது நியாயமாகப் படவில்லை. அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 69ஏ, முடக்குவதற்கானது. ஒட்டுக்கேட்பதற்கு இணையத்தில் பிரிவு 69. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். ஒருவருக்கு உச்சவரம்பு ஒன்பது. வேறு யாரோ பயன்படுத்தும் சிம்மின் சிடிஆரும் உங்கள் பெயரில்தான் வரும். தளம் பயனுள்ளது. அதன் செயலியை எல்லாப் புதிய போன்களிலும் கட்டாயம் ஏற்ற வேண்டும் என்று 2025 நவம்பர் இறுதியில் வந்த உத்தரவு வேறு விஷயம், எதிர்ப்பு கிளம்பி டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது.

குழு அட்மினாக இருப்பவர்கள் கேட்பதுண்டு: வேறொருவர் போட்ட செய்திக்கு அட்மின் பொறுப்பா? அட்மின் என்பதாலேயே குற்றப் பொறுப்பு வராது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. ஆனால் தெரிந்தே வளரவிட்டால் கதை மாறும், நீக்கிவிடுங்கள்.

கடைசியாகப் போன் கைப்பற்றப்படும் நிலை. தகராறு செய்யாதீர்கள், அழிக்கவும் முயலாதீர்கள், அழித்தால் அதுவே தனி வழக்கு. பிஎன்எஸ்எஸ் பிரிவு 105-ன்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ பதிவு செய்ய வேண்டும், அதைக் கேளுங்கள். கைப்பற்றியதை எழுதும் மகஜரில் மாடல், ஐஎம்இஐ, சிம் எண், போன் ஆன் நிலையிலா ஆஃப் நிலையிலா, எத்தனை மணி என்பதெல்லாம் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். போனிலிருந்து நகல் எடுக்கும்போது ஹேஷ் மதிப்பு, அதாவது அந்த நகலிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி, குறிக்கப்பட வேண்டும், புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணு ஆவணத்துக்கான பிரிவு 63 சான்றிதழில் அதற்கு இடமே இருக்கிறது. ஒரு எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும், அதனால் பிறகு ஏதாவது சேர்க்கப்பட்டதா என்று காட்ட அதுதான் உதவும். மகஜர் நகலை அன்றே வாங்கிவிடுங்கள்.