படகு எஞ்சினின் பிரைமர் பல்பு தொளதொளத்தால் முதலில் கனெக்டரைப் பாருங்கள்

படகின் அவுட்போர்டு எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குழாயில் புதுக் கனெக்டர் (குழாயை எஞ்சினோடு இணைக்கும் முனை) மாட்டியதிலிருந்து முழு வேகத்தில் எஞ்சின் திணறுகிறது, பிரைமர் பல்பும் (பெட்ரோலை ஏற்றக் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) தொளதொளத்துவிடுகிறது என்கிறீர்கள். பெட்ரோல் சொட்டவில்லையே என்று ஏமாறாதீர்கள், ஓடும்போது அந்தக் குழாயில் நடப்பது உறிஞ்சல், கனெக்டரின் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஓரத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பெட்ரோல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். திணறும்போது பல்பை அமுக்குங்கள். எஞ்சின் உடனே தெளிந்தால், ஒன்று குழாய் காற்று இழுக்கிறது, அல்லது எஞ்சினின் பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கிறது. (பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டால் வேறு கதை, டேங்க் மூடியின் காற்றுத்துளையைத் திறந்தீர்களா?)

‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ கனெக்டரை நான் நம்புவதில்லை. யமஹா எஞ்சினுக்கானது மெர்குரி எஞ்சினில் சேராது, எஞ்சின் மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். அப்புறம் குழாய் அளவு: 3/8 அங்குலக் குழாயை 5/16 அங்குலக் கனெக்டர் முனையில் செருகிவிட்டு, கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது.