தினமும் வேதம் (பைபிள்) வாசிக்கிறேன், அன்றாட வாழ்க்கையில் அதை எப்படிக் கடைப்பிடிப்பது?

கேட்டவர் ஐடி வேலையில் இருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். காலையில் மின்சார ரயிலில் நின்றுகொண்டே மொபைலில் ஒரு அதிகாரம் படிப்பீர்கள். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் எதைப் படித்தோம் என்பதே மறந்துபோகும். அதுதானே கவலை? நான் ஐடி இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் வீடுகளுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். இறையியல் படித்தவனும் இல்லை, அதனால் போதகர்கள் யாராவது இதைப் படித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருப்பது மக்செய்ன் அட்டவணை, பைபிளை எந்த நாளில் எந்த அதிகாரம் படிப்பது என்று சொல்வது. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மரே மக்செய்ன் 1842இல் தன் சபையாருக்காகப் போட்டது. நாளுக்கு நான்கு அதிகாரம். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவையும் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவையும் முடியும். அடுத்த வருஷமே 29 வயதில் போய்ச்சேர்ந்துவிட்டார் மனுஷன். அட்டவணையைக் கொடுக்கும்போது அதிலுள்ள ஆபத்துகளைத்தான் முதலில் எழுதினார்: கடமைக்குப் படிப்பது, படித்துவிட்டோம் என்ற பெருமை, கவனமில்லாமல் ஓட்டுவது என்று. நன்மைகள் அதற்கப்புறம்தான். இதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

வரிசையாகப் படிப்பதில் ஒரு வசதி, பிடித்த வசனத்தை மட்டும் பொறுக்க முடியாது. நம் ஆட்கள் பலருக்கு வேதம் என்றால் ஜனவரி முதல் தேதி சபையில் எடுக்கிற வாக்குத்தத்த அட்டைதான், அந்த வருஷத்துக்குக் கடவுள் தருகிற வாக்கு என்று ஒரு வசனம் அச்சடித்தது. அதில் நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11 வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், பையனுக்கு அரசாங்க வேலை நிச்சயம்! அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம். முந்தின வசனமே எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்கவே மாட்டார்கள். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்பதுதான் 5 முதல் 7 வரை. அதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை லேவியராகமம் 19. பலரும் தாண்டிப்போகிற புத்தகம். கூலிக்காரனுடைய கூலியை மறுநாள் விடியும்வரை உன்னிடத்தில் வைத்திருக்காதே என்கிறது 13ஆம் வசனம். அன்றைக்கு என்னிடம் வேலை பார்க்கிற பயல்களுக்குச் சம்பள நாள். சுவர் வெட்டிப் பைப் பதிக்கும் வேலை முடிந்திருந்தது, வீட்டுக்காரர் தரவேண்டிய பங்கு மூன்று வாரமாக வரவில்லை. அவர் எங்கள் சபைக் கமிட்டியில் இருப்பவர், அருமையாக ஜெபிப்பார். சாயங்காலம் போய் நின்றேன்.

“திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் தம்பி. நம்ம சபைக்காரர்தானே, ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?” என்றார்.

“நான் பொறுப்பேன் அண்ணாச்சி. பயலுக வீட்டுல அடுப்பு பொறுக்காதே” என்றேன். காலையில் படித்த வசனத்தையும் சொன்னேன்.

“அதெல்லாம் பழைய ஏற்பாடு தம்பி.”

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதிய கடிதத்தில் 5:4ஐ எடுத்துக் காட்டினேன். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கேயும் இருக்கிறது. அவர் சிரித்தார், பணம் வரவில்லை. என் வண்டி இன்ஷூரன்ஸுக்கு வைத்திருந்ததையும் வீட்டுக்காரியின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து, இருட்டுவதற்குள் பயல்களுக்குக் கொடுத்துவிட்டேன். ஹெல்பராக வந்த பையன் ஒருவன் கையில் வாங்கிய கையோடு மளிகைக் கடைக்கு ஓடினான். அவன் அம்மாவுக்கு அன்றைக்கு மகளிர் குழுத் தவணை வேறு.

இதோடு விட்டிருந்தால் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி, அவ்வளவுதான் மிஞ்சியிருக்கும். என் கையில் பணம் இல்லாத சனிக்கிழமையும் வருமே? அதனால் கொட்டேஷனை மாற்றினேன். ஆட்களின் ஒரு வாரக் கூலி முன்பணமாக வந்தால்தான் வேலை ஆரம்பம், அந்தப் பணத்தைச் சாமான் வாங்கத் தொடமாட்டேன் என்று முதல் வரியாகவே எழுதுகிறேன். இதனால் சில வேலைகள் கைவிட்டுப் போயின. பரவாயில்லை. நீங்கள் கேட்ட கடைப்பிடிப்பது என்பதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்: படித்தது கணக்கு நோட்டிலோ கேலண்டரிலோ ஒரு மாற்றமாக விழ வேண்டும். ஆபீஸில் உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவரின் லீவு விண்ணப்பம் உங்கள் மேஜையில் கிடக்கலாம், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத் தேதி தள்ளிப்போயிருக்கலாம். அங்கே தேடுங்கள்.

உடனே ஒருவர் வருவார்: அதே அதிகாரம் தாடியோரத்தைக் கத்தரிக்காதே, இரண்டு வகை நூல் கலந்த உடை உடுத்தாதே என்கிறதே, நீ பாலியெஸ்டர் கலந்த சட்டைதானே போடுகிறாய் என்று. ஆமாம், போடுகிறேன். புறஜாதியாரிலிருந்து, அதாவது யூதரல்லாதவர்களிலிருந்து, வந்தவர்கள்மேல் மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தின் பாரம் முழுவதையும் சுமத்த வேண்டாம் என்று அப்போஸ்தலர் 15இல் முடிவானது. கூலி விஷயத்தை யாக்கோபு திரும்ப எடுத்தார், பிறனை நேசி என்பதை இயேசுவே திரும்ப எடுத்தார், அதுவும் லேவியராகமம் 19தான். சட்டையை யாரும் எடுக்கவில்லை. இதற்குமேல் வாதாட எனக்குத் தெம்பில்லை.

அண்ணாச்சி பாதிப் பணம் கொடுத்தார், மீதி இன்னும் வரவில்லை. ரோஜாப்பூப் படத்தோடு ‘இன்றைய வசனம்’ மட்டும் தினமும் விடியுமுன்னே வாட்ஸப்பில் வந்துவிடுகிறது.

இன்னொரு எரிச்சல், இந்த இலவச பைபிள் ஆப்கள். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22 படித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த அதிகாரத்துக்குத் தள்ளினால் ‘ஐந்தே நிமிடத்தில் கடன்’ என்று திரை நிறைய விளம்பரம். மூடுகிற பெருக்கல் குறியும் கண்ணுக்குத் தெரியாது. அழித்துவிட்டு அச்சுப் புத்தகத்துக்கே வந்துவிட்டேன். கண்ணாடி போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.