மழையும் சாட்டிலைட் ரேடியோவும்: கேள்வி பதில்

கேள்வி: சார், மழை வலுத்தால் வீட்டில் டிடிஎச் டிவி நின்றுவிடுகிறது. காரில் சாட்டிலைட் ரேடியோ மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. இது எப்படி?

பதில்: அலைநீளம்தான் காரணம். டிடிஎச் சிக்னல் சுமார் 12 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். மழைத்துளியோ சில மில்லிமீட்டர். அலைநீளம் துளியின் அளவை நெருங்க நெருங்க, துளிகள் அலையை உறிஞ்சுவதும் சிதறடிப்பதும் கூடும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழையில், கிலோமீட்டருக்கு 2 டெசிபலுக்கு மேல் சிக்னல் போய்விடும் (டெசிபல் என்பது சிக்னல் வலிமை எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று சொல்லும் அலகு). சிரியஸ் எக்ஸ்எம் என்ற அமெரிக்க சாட்டிலைட் ரேடியோ வேலை செய்வது 2.3 கிகாஹெர்ட்ஸில், அலைநீளம் 13 சென்டிமீட்டர். அதே மழையில் அதன் இழப்பு கிலோமீட்டருக்கு நூறில் ஒரு டெசிபல் அளவுதான். மழை இருப்பதே அந்த ரேடியோவுக்குத் தெரியாது என்று சொல்லலாம்.

கேள்வி: அப்படியென்றால் மழை நாளில் என் ரேடியோ மட்டும் ஏன் விட்டுவிட்டுக் கேட்கிறது அண்ணா? நான் போவது மரங்கள் அடர்ந்த சாலை.

பதில்: விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தம்பி! காய்ந்த இலையைவிட நனைந்த இலை சிக்னலை அதிகம் தடுக்கும். திறந்த வெளிக்கு வந்ததும் சரியாகிவிட்டால் மரம்தான் காரணம். அங்கேயும் அறுபட்டால் ஆன்டெனாவின் அடிப்பகுதியையும் கேபிள் இணைப்பையும் பாருங்கள். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் மழை விட்ட பிறகும் தொல்லை தொடரும். பலரும் வானத்தைத் திட்டிக்கொண்டே இதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

கேள்வி: வெறும் மேகமூட்டம்?

பதில்: ஒன்றும் செய்யாது.

கேள்வி: மின்னல் வெட்டினால் கரகரப்பு வருமா?

பதில்: மீடியம் வேவில் வரும். இந்த அலைவரிசையில் வராது.

கேள்வி: ஆன்டெனா மேல் பனி படிந்தால்?

பதில்: உலர்ந்த பனி பெரிதாகத் தடுக்காது. உருகி ஈரமான பனி தடுக்கும், துடைத்துவிடுங்கள்.

கேள்வி: சரி, டிவிக்கு டிஷ்ஷைப் பெரிதாக்கினால் மழையைச் சமாளிக்கலாமா ஐயா?

பதில்: ஓரளவு முடியும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷை 90 ஆக்கினால் சுமார் மூன்றரை டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அதற்குச் செலவழிக்கும் முன் டிஷ்ஷின் திசையைச் சரிபாருங்கள். டிஜிட்டல் சிக்னல் ஓர் எல்லை வரை குறையே காட்டாது, அதைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடும். அதனால் சற்றே விலகிய டிஷ் வெயில் நாளில் நன்றாகத்தான் தெரியும். மழைக்கு வைத்திருக்க வேண்டிய உபரி சிக்னல்தான் அதனிடம் இருக்காது.