பதவியேற்பு மேடையில் ஜெபம்: கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் பதவியேற்பு விழாவில் மதகுருமார் ஜெபிப்பது பற்றியும், அதைக் கேட்டு ஊரே சண்டை போடுவது பற்றியும் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உறுதிமொழி வேறு, பைபிள் வேறு, ஜெபம் வேறு, மறுநாள் தேவாலய ஆராதனை வேறு. நாலையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள்.

கேள்வி: இந்த ஜெபம் ஜார்ஜ் வாஷிங்டன் காலத்திலிருந்தே இருக்கிறதா?

இல்லை. 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் வாஷிங்டன் உறுதிமொழி எடுத்தார், உரை நிகழ்த்தினார், அப்புறம்தான் எல்லாரும் செயின்ட் பால் சிற்றாலயத்துக்கு வழிபாட்டுக்குப் போனார்கள். அதிபர் உறுதிமொழி எடுக்கும் மேடையிலேயே மதகுரு ஜெபிப்பது 1937 ஜனவரி 20இல், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் இரண்டாம் பதவியேற்பில் தொடங்கியது. செனட் சபையின் குரு ஆரம்பித்து வைத்தார், ஜான் ரயன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஆசி கூறி முடித்தார். 1949இல் ட்ரூமனுக்கு ஒரு ரபியும், அதாவது யூத மதகுருவும், வந்தார். 1953இல் ஐசன்ஹோவர், வந்த குருமார் போதாதென்று, உரைக்கு முன் தானே ஒரு ஜெபத்தை வாசித்தார். ஆக, "ஆதிகாலப் பாரம்பரியம்" என்று ஆதரிப்பவர்கள் சொல்வதற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

கேள்வி: 1961இல் ஜெபத்தின்போது தீப்பிடித்ததாமே?

தீ இல்லை, புகை. கென்னடி முதல் கத்தோலிக்க அதிபர். அவருடைய பாஸ்டன் நகரத்துக் கர்தினால் குஷிங் ஜெபிக்க வந்தார். ஜெபம் நீண்டது, நீண்டுகொண்டே போனது. நடுவில் மின்கோளாறால் பேச்சு மேடையிலிருந்து புகை கிளம்பியது. கர்தினால் நிறுத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் அடியில் குனிந்து என்னவென்று தேட, மேலே ஜெபம் நடந்துகொண்டிருந்தது. அவருக்குப் பிறகு கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பேராயர், புராட்டஸ்டன்ட் போதகர், ரபி என்று இன்னும் மூன்று பேர் ஜெபித்தார்கள்.

கேள்வி: டிரம்ப் 2025இல் பைபிள் மேல் கை வைக்கவில்லையே, பதவியேற்பு செல்லுமா?

செல்லும். சட்டம் பைபிள் கேட்கவில்லை. 1901இல் தியோடர் ரூஸ்வெல்ட் பைபிள் இல்லாமலே எடுத்தார். 1963இல் விமானத்துக்குள் லிண்டன் ஜான்சன் கையில் கிடைத்தது கத்தோலிக்கத் திருப்பலி நூல். இது ஜெபக் கேள்வி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அரசும் மதமும் தனி என்கிறார்கள். நீதிமன்றம் எப்படி விட்டது?

1992இல் உச்ச நீதிமன்றம், அரசுப் பள்ளிப் பட்டமளிப்பு விழாவில் மதகுருவை அழைத்து ஜெபிக்க வைக்கக் கூடாது என்றது. ஆனால் 1983இல் நெப்ராஸ்கா சட்டமன்ற வழக்கிலும், 2014இல் நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊராட்சி வழக்கிலும், பெரியவர்கள் கூடும் சபையில் வழக்கமாக நடக்கும் ஜெபத்தை அனுமதித்தது. பிள்ளைகளைக் கட்டாயப்படுத்துவது வேறு, பெரியவர்கள் சகித்துக்கொள்வது வேறு என்பது ஏறத்தாழ அதன் கணக்கு. பதவியேற்பு ஜெபத்தை எதிர்த்து மைக்கேல் நியூடோ என்பவர் மறுபடி மறுபடி வழக்குப் போட்டார். 2010இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. 2009 விழா முடிந்துபோனது, வரப்போகும் விழாக்களுக்கு வழக்காட உங்களுக்குத் தகுதி இல்லை என்றது. ஜெபம் சரியா தவறா என்று தீர்ப்பில் சொல்லவே இல்லை.

கேள்வி: எந்தக் கையை பைபிள் மேல் வைக்க வேண்டும்?

மேலே பார்க்கவும்.

கேள்வி: 2001இல் இயேசு பெயரைச் சொன்னதற்கு ஏன் அவ்வளவு கூச்சல்? கிறிஸ்தவப் போதகர் வேறு யார் பெயரைச் சொல்வார்?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பதவியேற்ற அன்றைக்குப் போதகர் ஃபிராங்க்ளின் கிரஹாம் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் வேண்டுகிறோம் என்று முடித்தார். இன்னொரு போதகர் கிர்பிஜான் கால்ட்வெல், எல்லாப் பெயருக்கும் மேலான இயேசு கிறிஸ்துவின் பெயரால் என்று சொல்லிவிட்டு, "உடன்படுகிற எல்லாரும் ஆமென் சொல்லுங்கள்" என்றார். யூதரும் முஸ்லிமும் மதமே வேண்டாதவரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது பொய்யாக ஆமென் சொல்ல வேண்டும்.

என் கட்சி இது: உறுத்தியது இயேசுவின் பெயர் அல்ல, "நாம்" என்ற சொல். ஆங்கிலத்தில் "வீ" ஒன்றுதான். அது "நாங்கள்" என்றும் ஆகும், "நாம்" என்றும் ஆகும். "நாங்கள் இயேசுவின் பெயரால் வேண்டுகிறோம்" என்றால் மற்றவர் கேட்டுவிட்டுப் போவார். "நாம் வேண்டுகிறோம்" என்றால் அவரைக் கேட்காமலே அவர் பெயரில் கையெழுத்துப் போட்ட மாதிரி. 2009இல் ஒபாமா பதவியேற்பில் ஜெபித்த போதகர் ரிக் வாரன் இதைப் புரிந்துகொண்டு பேசினார் என்று நினைக்கிறேன். "என் வாழ்க்கையை மாற்றியவரின் பெயரால் கேட்கிறேன்" என்று ஒருமையில் சொல்லி, யெஷுவா, ஈசா, ஹேசூஸ், ஜீசஸ் என்று நாலு மொழியில் அடுக்கினார்.

கேள்வி: உங்கள் "நாம், நாங்கள்" விளக்கம் அழகு, ஆனால் தப்பு. ஜெபம் கடவுளிடம் பேசுவது. தமிழில் கடவுளிடம் எப்போதும் "நாங்கள்"தான். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்கிறோம், "நம் பிதாவே" என்பதில்லை. எந்தப் போதகரும் "நாம்" சொல்ல மாட்டார்.

அடித்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கடவுளை முன்னிலையாக வைத்தால் "நாங்கள்"தான் வரும். அதற்குள் யார் யார் அடக்கம் என்பதைத் தமிழும் சொல்லாது.

ஆனால் என் வாதத்தை முழுவதும் கைவிட மாட்டேன். பதவியேற்பு ஜெபத்தில் முன்னிலை ஒருவர் இல்லை, இரண்டு பேர். மேலே கடவுள், கீழே கூட்டம். "உடன்படுகிறவர்கள் ஆமென் சொல்லுங்கள்" என்பது கடவுளிடம் சொன்னதா? 2017இல் டிரம்ப் பதவியேற்பில் மழை தூறியபோது கிரஹாம், பைபிளில் மழை கடவுளின் ஆசிக்கு அடையாளம், நீங்கள் மேடைக்கு வந்ததும் மழை வந்தது, அதிபர் அவர்களே, என்றார். அவர் யாரைப் பார்த்துப் பேசினார்? ஜெபம் எங்கே கூட்டத்தின் பக்கம் திரும்புகிறதோ அங்கேதான் ஆட்சேபம் கிளம்புகிறது.

கேள்வி: அப்படியென்றால் யாரையும் உறுத்தாத ஜெபம் உண்டா?

முயன்றிருக்கிறார்கள். 2009 ஜனவரி 18, லிங்கன் நினைவிடக் கலைநிகழ்ச்சியில் ஆயர் ஜீன் ராபின்சன் "பலவிதமாக நாங்கள் புரிந்துகொள்ளும் கடவுளே" என்ற பொருளில் தொடங்கினார். அவர் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட ஆயர். எச்பிஓ தொலைக்காட்சி ஒளிபரப்பில் அந்த ஜெபமே வரவில்லை. அதற்கும் கூச்சல். எந்தச் சொல்லைச் சொன்னாலும், "யாரை மேடை ஏற்றினீர்கள்" என்பதுதான் முதல் சண்டை. ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிராக நின்ற வாரனை ஒபாமா அழைத்ததும் அவர் ஜெபிக்கும் முன்பே வெடித்தது. 2013இல் ஜெபிக்க அழைக்கப்பட்டிருந்த போதகர் லூயி கிக்லியோ, தன்பாலின ஈர்ப்புக்கு எதிரான தன் பழைய பிரசங்கம் ஒன்று வெளியானதும் தானாகவே விலகிக்கொண்டார். அதே விழாவைத் தொடங்கிவைத்த மர்லி எவர்ஸ் வில்லியம்ஸ் மதகுருவே அல்ல. அந்த ஜெபத்தைச் சொன்ன முதல் பெண் அவர். அதைப் பற்றி யாராவது ஒருவர் கேட்பீர்கள் என்று பார்த்தேன்.

கேள்வி: 2025இல் டிரம்பை எதிரில் வைத்துக்கொண்டே ஆயர் மேரியன் படி (Budde) அப்படி ஜெபித்தது சரியா?

அது ஜெபம் அல்ல, பிரசங்கம். பதவியேற்பு மேடையும் அல்ல, மறுநாள் ஜனவரி 21, தேசியப் பேராலயம். முதல் பத்தியில் எதற்குக் கத்தினேன்? பயந்திருக்கும் மக்கள்மேல் இரக்கம் காட்டுங்கள் என்று அதிபரிடம் நேரடியாகக் கேட்டார், அதிபர் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவர் கடவுளைச் சாக்காக வைத்துக் கூட்டத்திடம் பேசவில்லை, பேச வேண்டியவரிடமே பேசினார். எனக்கு அது நேர்மையாகத் தெரிகிறது. பிடிக்காதவர்கள் எழுதுங்கள், ஆனால் "ஜெபம்" என்று எழுதாதீர்கள்.

கேள்வி: "கடவுள் எனக்கு உதவட்டும்" என்பது அரசமைப்பில் இருக்கிறதா? பைபிள்...

அரசமைப்பின் உறுதிமொழியில் அது இல்லை. வாஷிங்டன் சொன்னார் என்பதற்கு அந்தக் காலத்துச் சாட்சியமும் இல்லை. பைபிள் கேள்விக்கு இனிப் பதில் கிடையாது.

கேள்வி: மேலே "எங்கள் பிதாவே" கேட்டவன்தான். ஆமென் சொல்லச் சொல்வதே தப்பு என்கிறீர்களா?

இல்லை. 2009 விழாவில் நான் கூட்டத்தில் பின்னால் நின்றிருந்தேன். குளிர் எலும்பில் குத்தியது. எல்லாரும் கையுறையோடு தட்டியதால் கைதட்டல்கூட பொத்பொத்தென்றுதான் கேட்டது. நிறைவு ஆசிக்கு வந்த ஜோசப் லோவரிக்கு வயது 87. கறுப்பு, பழுப்பு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று எதுகையோடு அடுக்கினார். வெள்ளையர் சரியானதைத் தழுவும் நாள் வரட்டும் என்ற கடைசி வரிக்கு மறுநாள் கோபித்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் முடிக்கும்போது அவர் எந்த மதத்தாரையும் கூப்பிடவில்லை. நீதி செய்கிறவர்கள், இரக்கத்தை நேசிக்கிறவர்கள் எல்லாரும் ஆமென் சொல்லுங்கள் என்றார். என் பக்கத்தில் நின்ற பெரியவர், அதுவரை வாரனின் ஜெபத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையுறையைக் கழற்றி வாயருகே குவித்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். லோவரி மறுபடி கேட்டார், அவரும் மறுபடி சொன்னார்.