புதிய பேக்கேஜ் மேனேஜர் வேண்டுமா: கேள்வி பதில்

நாங்கள் பயன்படுத்தும் லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (லினக்ஸின் ஒரு வகைத் தொகுப்பு), மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் பழைய பேக்கேஜ் மேனேஜரான சினாப்டிக்கை எடுத்துவிட்டு, ஆப் ஸ்டோர் மாதிரி இருக்கும் புதிய வரைகலை பேக்கேஜ் மேனேஜரை வைக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பெங்களூரு நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, சினாப்டிக் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு மாற்ற வேண்டும்? (அல்சூர், கல்லூரி மாணவர்)

தம்பி, உங்களுக்கும் எனக்கும் நன்றாக ஓடுகிறது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஆறு பழைய கணினிகளை வைத்து அல்சூரில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். ஒரு பெண் 'ஸ்கேனர்' என்று தேடினாள், லைப்ரரி, டெவலப்பர் பேக்கேஜ் என்று பெயர்கள் வந்து விழுந்ததும் எதைத் தொடுவது என்று தெரியாமல் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இன்னொரு காரணமும் உண்டு: சினாப்டிக்கில் முழுச் சாளரமும் ரூட் அதிகாரத்தில், அதாவது கணினியில் எதையும் மாற்றக்கூடிய முழு உரிமையோடு, ஓடுகிறது. க்னோம் சாஃப்ட்வேர் போன்ற புதிய பேக்கேஜ் மேனேஜர்கள் சாதாரணப் பயனராகத் திறந்து, தேவையான வேலைக்கு மட்டும் போல்கிட் என்ற அனுமதி அமைப்பு வழியாக அனுமதி கேட்கின்றன. அது சரியான முறை.

அப்படியானால் மாற்றிவிடலாம் என்கிறீர்களா? (ஒயிட்ஃபீல்ட்)

மாற்றலாம், ஆனால் பழையதை உடனே தூக்கக் கூடாது. உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் 24.04-இல் என்ன நடந்தது என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் வந்தபோது, இறக்கி வைத்த டெப் கோப்பை (நிறுவ வேண்டிய மென்பொருள் இருக்கும் கோப்பு) இரட்டைக் கிளிக் செய்தால், அதன் புதிய பேக்கேஜ் மேனேஜரான ஆப் சென்டரால் நிறுவ முடியவில்லை, பிறகுதான் அப்டேட்டில் சரிசெய்தார்கள். புதிதாக வருகிறவர் முதல் நாளே செய்கிற வேலை அது! ஒரு வெளியீடு முழுக்க இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

வேறு யாராவது ஒழுங்காக மாற்றியிருக்கிறார்களா? (ஜெயநகர்)

ஓபன்சூசே என்ற டிஸ்ட்ரோ. 2025 அக்டோபரில் வந்த அதன் லீப் 16-இல், மென்பொருள் நிறுவ யாஸ்ட் என்ற பழைய கருவியை விட்டுவிட்டு மிர்லினைக் கொண்டுவந்தார்கள். சாளரம்தான் புதிது, உள்ளே சார்புகளைத் தீர்ப்பது, அதாவது ஒரு மென்பொருளுக்குக் கூடவே எவை வேண்டும் என்று பார்ப்பது, லிப்ஸிப் என்ற அதே பழைய நிரல்தான். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

ஸ்னாப், பிளாட்பேக், டெப் என்று மென்பொருள் வரும் வெவ்வேறு வடிவங்கள் எல்லாம் ஒரே பட்டியலில் வந்தால் வசதிதானே? (சிவாஜிநகர், கடைக்காரர்)

வசதிதான், ஆனால் எது எங்கிருந்து வருகிறது என்று பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். உபுண்டு 22.04-இல் டெப் நிறுவும் ஏப்ட் என்ற கட்டளை வழியாக ஃபயர்ஃபாக்ஸ் கேட்டாலும் ஸ்னாப்தான் வருகிறது. கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஆகக் கூடாது.

அதைவிட முக்கியம், ஒன்றை நிறுவினால் எதெல்லாம் நீக்கப்படும் என்று காட்டுவது. 2021-இல் லைனஸ் செபாஸ்டியன் என்ற யூடியூபர், பாப் ஓஎஸ் என்ற டிஸ்ட்ரோவில் விளையாட்டுகளுக்கான ஸ்டீம் மென்பொருளை நிறுவப் போனார். சாளரத்தில் முடியவில்லை என்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலுக்குப் போய், எச்சரிக்கையைத் தாண்டி ஒப்புதல் தட்டியதும் டெஸ்க்டாப்பே போய்விட்டது. சாளரம் காரணத்தைப் புரியும்படி சொல்லியிருந்தால் அவர் டெர்மினல் பக்கமே போயிருக்க மாட்டார். சினாப்டிக் நீக்கப் போகும் பட்டியலைக் காட்டி நிற்கும். அந்தப் பழக்கம் புதியதில் இல்லையென்றால் நான் எதிர்ப்பேன்.

டெர்மினல் கற்றால் போதாதா? (கோரமங்களா)

போதாது. என் அம்மாவுக்கு நான் ஏப்ட் சொல்லித்தர மாட்டேன்.

இன்ஸ்டால் ஓடும்போது பாதியில் கரண்ட் போனால்? (ஸ்ரீராமபுரம்)

நல்ல கேள்வி, போன மாதம் எங்கள் அறையிலேயே நடந்தது. கரண்ட் வந்து சினாப்டிக்கைத் திறந்தால், டிபிகேஜி (டெப் கோப்புகளை நிறுவும் அடிப்படை நிரல்) பாதியில் நின்றுவிட்டது, 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று நீங்களே ஓட்டுங்கள் என்கிறது. ஓட்டினேன், இரண்டு நிமிடத்தில் சரியாயிற்று. ஆனால் பக்கத்தில் நின்ற பையனுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. புதிய பேக்கேஜ் மேனேஜர் இதைத் தானே கண்டுபிடித்து, 'விட்ட இடத்திலிருந்து முடிக்கட்டுமா?' என்று தமிழில் கேட்டு ஒரு பொத்தானைக் காட்டட்டும், அன்றைக்கே எங்கள் ஆறு கணினியிலும் போட்டுவிடுகிறேன்.