லா பாஸில் முதல் ராத்திரி பார்ட்டி வேண்டாம்

கேள்வி: ஜூலையில் நண்பர்கள் மூவர் முதுகுப்பையோடு தென் அமெரிக்கா கிளம்புகிறோம். பெருவின் லிமாவிலிருந்து விமானத்தில் பொலிவியாவின் லா பாஸ் போய், அங்கே ஆறு நாள் தங்கல். சாயங்காலம் இறங்கியதும் பார் வைத்திருக்கும் ஒரு ஹாஸ்டலில் கொண்டாட்டம், மறுநாள் 'மரணச் சாலை' சைக்கிள் பயணம், அடுத்து ஹுவாய்னா பொட்டோசி சிகரம். "வயசுப் பசங்களுக்கு உயரமெல்லாம் ஒன்றும் செய்யாது" என்கிறான் நண்பன். சரியா? (கோவை வாசகர்)

பதில்: உங்கள் பட்டியலில் எனக்குச் சண்டை இல்லை, வரிசையோடுதான் சண்டை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் வைத்திருக்கிறீர்கள்.

நமக்குத் தெரிந்த பெரிய உயரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லா பாஸின் நடுப்பகுதி 3,600 மீட்டருக்கு மேல். விமான நிலையம் இருக்கும் எல் ஆல்ட்டோ 4,000-ஐத் தாண்டுகிறது. லிமாவோ கடலோர ஊர். ஒரு சினிமா பார்க்கும் நேரத்தில் உடம்பை இவ்வளவு தூக்கிவிடுகிறீர்கள். காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தண்ணீரே 88 டிகிரிக்குப் பக்கத்தில் கொதித்துவிடும். 'உன் பருப்பு இங்கே வேகாது' என்பது அங்கே வசனம் இல்லை, சமையல் குறிப்பு.

வயசும் ஜிம் உடம்பும் இதற்குக் கவசம் ஆகாது. தெம்பு இருக்கிறதே என்று முதல் நாளே ஓடியாடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

இப்போது குடி விஷயம். குறைந்த ஆக்ஸிஜனைச் சமாளிக்க உடம்பு செய்யும் முதல் வேலை, வேகமாக மூச்சு வாங்குவது. மது அந்த மூச்சையே மட்டுப்படுத்துகிறது, அதுவும் தூக்கத்தில். தூக்க மாத்திரையும் அப்படித்தான். இன்னொரு சிக்கல், காலையில் வரும் தலைவலியும் குமட்டலும் நேற்றைய சரக்கா, உயர நோயா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சரக்குதான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினால் வினை.

என் கதையைக் கேளுங்கள். முதல் இரவு ஒரே ஒரு பியர். நள்ளிரவில், யாரோ வாயைப் பொத்தியதுபோல் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தேன். மறுநாள் சகர்நாகா தெருவின் ஏற்றத்தில் பத்தடிக்கு ஒரு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதுகில் வண்ணத்துணி மூட்டையும் தலையில் குண்டுத் தொப்பியுமாக ஒரு பாட்டி, பக்கத்தில் வந்தவளோடு பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்.

முதல் இரவு சூப், தண்ணீர், தூக்கம். பணம் இருந்தால் தாழ்வான தெற்குப் பகுதியில் தங்குங்கள். சில நூறு மீட்டர் இறக்கம் என்பதால் மூச்சு லேசாகும். அந்த ஊர்ப் பணக்காரர்கள் குடியிருப்பதும் கீழேதான். இரண்டாம் நாள் 2014-ல் தொடங்கிய கேபிள் கார் வலைப்பின்னல்தான் உங்கள் கால். சிவப்புத் தடத்தில் எல் ஆல்ட்டோ வரை போய், கிண்ணத்துக்குள் கொட்டியதுபோல் கிடக்கும் ஊரையும் 6,438 மீட்டர் இல்லிமானி சிகரத்தையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுங்கள். சூனியக்காரிகள் சந்தையில் காய்ந்த லாமாக் கருக்கள் தொங்கும். புது வீட்டு அஸ்திவாரத்தில் புதைக்க வாங்குவார்கள். நம்மூர் திருஷ்டிப் பூசணிக்குத் தூரத்துச் சொந்தம்!

மூன்றாம் நாள் தலைவலி இல்லையென்றால் மரணச் சாலை. சுமார் 4,650 மீட்டர் உயர லா கும்ப்ரே கணவாயிலிருந்து 1,200 மீட்டர் வரை ஒரே இறக்கம். மேலே கையுறைக்குள்ளும் விரல் விறைக்கும், கீழே கொசு கடிக்கும். பொலிவியாவில் வண்டிகள் வலப்பக்கம் போகும். ஆனால் அந்தப் பழைய சாலையில் மட்டும் இறங்குபவர் இடப்பக்கம். நமக்குப் பழகிய பக்கம்தானே என்று அசந்துவிடாதீர்கள், பள்ளமும் அதே பக்கம்தான். முந்தைய இரவு ஒரு சொட்டும் கூடாது. ஏறும் முன் இரண்டு பிரேக்கையும் நீங்களே அழுத்திப் பாருங்கள்.

6,088 மீட்டர் ஹுவாய்னா பொட்டோசிதான் இடிக்கிறது. மேல் முகாமே 5,100-க்கு மேல். நள்ளிரவு தாண்டி, பனியில் முள்செருப்பு மாட்டி ஏற வேண்டும். லிமாவிலிருந்து நேரே வந்தால் ஆறு நாள் போதாது. வழியில் உயரத்தில் இருக்கும் குஸ்கோ, டிட்டிகாகா ஏரி என்று சில நாள் தங்கித் தங்கி பஸ்ஸில் வந்தால், உடம்பு பழகித்தான் லா பாஸில் இறங்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

உயர நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். முந்தின நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் ஆகாது என்பதால் டாக்டரைப் பார்க்காமல் வாங்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நேர்க்கோட்டில் நடக்கக் கால் தள்ளாடினால், காத்திருக்கக் கூடாது. உடனே ஆக்ஸிஜன், மருத்துவமனை, கீழே இறக்கம்.

அப்புறம் கடைசி இரவு, கொண்டாடுங்கள். ஹாஸ்டல் பாரில் உங்களைப் போன்ற வெளிநாட்டவர்தான் இருப்பார்கள். அதைவிட சோபொகாச்சி பகுதி மேல். சராங்கோ என்ற சின்ன நரம்பு வாத்தியமும் மூங்கில் குழலும் ஒலிக்கும் 'பேன்யா' என்ற பாட்டு விடுதி ஒன்றில் உட்காருங்கள். திராட்சையில் வடிக்கும் சிங்கானி என்ற மதுவோடு ஜிஞ்சர் ஏல் கலந்தால் சுஃப்லாய் என்ற பானம். முதல் வாய்க்கு முன் பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, சில துளி தரையில் சிந்துவது அங்கே மரியாதை. ஜூலை இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், ஜாக்கெட் இல்லாமல் கிளம்பாதீர்கள். திரும்பும்போது தெருவில் கைகாட்டி டாக்ஸி ஏறாதீர்கள், பாரிலேயே சொல்லி ரேடியோ டாக்ஸி வரவழையுங்கள். சாதா உடையில் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு பாஸ்போர்ட் கேட்பது பழைய மோசடி. பின்னிரவில் கொக்கைன் கிடைக்கும் ரகசிய பார் என்று யாராவது கூப்பிட்டால் நகர்ந்துவிடுங்கள்; சட்டம் கடுமை.

கொக்கைனுக்கு மூலமான கோக்கா இலையும், அதில் போடும் டீயும் அங்கே சட்டப்படி சரி. உயர நோயைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆனால் சூடாக எதையாவது குடிப்பது நல்லதுதானே. இந்தியாவில் அதே இலை போதைப்பொருள் சட்டத்தில் வரும். மீந்த டீ பாக்கெட்டை ஹாஸ்டல் சமையலறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.