புயல் வந்தால் ஆர்.வி.க்குள் இருக்கலாமா?

கேள்வி: சிகாகோவில் வேலை பார்க்கிறேன். கடலூரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஏப்ரலில் மூன்று வாரம், வாடகைக்கு ஆர்.வி. (கட்டில், அடுப்போடு உள்ள சுற்றுலா வண்டி) எடுத்து கென்டகியில் மேமத் குகைப் பக்கம் தங்கலாம், வேலையையும் அங்கிருந்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு. அந்த மாதத்தில் வானிலையை நம்ப முடியாது என்கிறார்கள். புயல் வந்தால் வண்டிக்குள்ளேயே இருக்கலாமா, குகைக்குள் போய்விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

ஆர்.வி.க்குள் அடுப்பும் கட்டிலும் இருப்பதால் அது வீடாகிவிடாது. டொர்னாடோ என்னும் சுழல்காற்றில் மிகச் சின்ன வகையிலேயே காற்று மணிக்கு 105 கி.மீ. வேகத்தில் தொடங்குகிறது. உயரமான, மெல்லிய சுவர் கொண்ட வண்டியைச் சாய்க்க அதுவே போதும். கீழே இறக்கும் ஜாக்குகள் வண்டி ஆடாமல் இருக்க மட்டும்தான், தரையோடு பிடித்து வைக்க அல்ல. குகையை நம்பவும் முடியாது. வாசலில் கம்பிக் கதவு போட்டுப் பூட்டியிருப்பார்கள். டிக்கெட் எடுத்து, அதற்குரிய நேரத்தில்தான் போக முடியும். நள்ளிரவில் திறந்துவிட யாரும் இருக்கமாட்டார்கள்.

நீங்கள் போக வேண்டியது, வண்டி நிறுத்தித் தங்கும் முகாமில் கான்கிரீட் கல் வைத்துக் கட்டிய பொதுக் குளியலறைக் கட்டடத்துக்கு. இடம் பதிவு செய்வதற்கு முன்பே போன் போட்டுக் கேளுங்கள்: "இரவு 2 மணிக்கு டொர்னாடோ வந்தால் நாங்கள் எங்கே ஓட வேண்டும்? அந்தக் கதவு இரவில் திறந்திருக்குமா?" தடுமாறிப் பதில் சொன்னால் வேறு இடம் பாருங்கள். நீச்சல் குளத்தின் படத்தை இணையதளத்தில் பெரிதாகப் போடுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் போடுவதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் புதிதல்ல. ஆனால் அப்பாவிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நம்மூர்ப் புயல் பெயர் வைத்துக்கொண்டு, துறைமுகத்தில் கூண்டு ஏற்றவிட்டு, நாள் கணக்கில் நகர்ந்து வரும். டொர்னாடோவுக்குப் பல சமயம் பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, இருட்டில் வந்தால் கண்ணுக்கும் தெரியாது. 1974 ஏப்ரல் 3 அன்று இதே கென்டகியில் பிராண்டன்பர்க் ஊரை அடித்து 31 பேரைக் கொன்றது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

செய்தியில் இரண்டு சொற்கள் வரும். தமிழில் இரண்டையும் 'எச்சரிக்கை' என்றுதான் சொல்லுவோம், குழப்பமே அங்கேதான். 'வாட்ச்' என்றால் பெரிய பரப்பில், அடுத்த சில மணி நேரத்தில் டொர்னாடோ உருவாக வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். 'வார்னிங்' என்றால் வந்தேவிட்டது, கண்ணால் பார்த்திருக்கிறார்கள் அல்லது ரேடாரில் தெரிகிறது. பொது விதி என்னவென்றால் வாட்ச் வந்ததும் செருப்பு, டார்ச், மாத்திரைப் பை எல்லாம் கதவருகே வர வேண்டும், வார்னிங் வந்தால் ஓட வேண்டும்.

உங்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. முட்டிவலி உள்ள அம்மா ஆர்.வி.யின் குறுகலான படியில் இறங்க ஒரு நிமிடம், மழையில் சரளைக் கல்லில் நடந்து குளியலறை போக நாலைந்து நிமிடம். வார்னிங் வந்த பிறகு கிளம்பினால் பாதி வழியில் நிற்பீர்கள். அதனால் மாலையில் வாட்ச் வந்தாலே, மழை தொடங்கும் முன் பக்கத்து ஊரான கேவ் சிட்டியில் ஒரு மோட்டலில் தரைத்தளத்து அறை எடுத்து நால்வரோ மூவரோ எல்லோரும் போய்விடுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே, வீண் செலவு என்று அப்பா சொல்லுவார். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். மூன்று வாரத்தில் இரண்டு இரவு வாடகை போனால் போகட்டும்.

போனில் வரும் எச்சரிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். மேமத் குகை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் சிக்னல் மிகவும் மோசம். அமெரிக்க அரசின் வானிலை எச்சரிக்கையைச் சொல்லும் நோவா வானிலை ரேடியோ ஒன்று வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். அதில் அறிவிப்பு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பெயரில் வரும். வெளியூர்க்காரன் படுத்திருக்கும் இடம் எந்தக் கவுன்டி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதை யாரும் யோசிப்பதில்லை. மேமத் குகை முகாம் எட்மன்சன் கவுன்டி, கேவ் சிட்டி பேரன் கவுன்டி. கழிப்பறைக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்று வாரம் என்பதால் பூங்கா முகாம் உங்களுக்குச் சரிப்படாது. 14 நாள்தான் வரம்பு, மின்சார இணைப்பும் கிடையாது. கேவ் சிட்டி பக்கம் தனியார் இடமே நல்லது. புல்தரை வேண்டாம், மழையில் சக்கரம் புதையும். சரளை அல்லது கான்கிரீட் மேடை கேளுங்கள். டாக்வுட் மரம் பூக்கும் சமயத்தில் குளிர் ஒருமுறை திரும்பி வரும், அங்குள்ளவர்கள் அதை 'டாக்வுட் குளிர்காலம்' என்றே சொல்லுவார்கள். உறைபனி என்றால் தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

அப்புறம், இடைத்தரகர்கள். மேமத் குகைப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. 'என்ட்ரி பாஸ்' என்று யாராவது விற்றால் அது ஏமாற்று வேலை. குகை டிக்கெட்டை ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

அவர்களைவிட மோசம், வாடகை கவுன்டரில் விற்கும் 'முழு பாதுகாப்பு'. ஆறு வருடத்துக்கு முன் நான் எடுத்த வண்டியில், இரவு மழை ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் நிழல் கூரை) துணியின் நடுவில் குளமாகத் தேங்கி, அலுமினியக் கை மடங்கிவிட்டது. தினமும் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தேன். ஆனிங், கூரை, டயர், வண்டியின் அடிப்பாகம் இதில் சேராது என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மழையும் காற்றும் எதைக் கெடுக்குமோ அதையெல்லாம் விலக்கிவிட்டு, மழைக்காலத்தில் அதற்குப் 'முழு' என்று பெயர் வைத்து விற்கிறார்கள்! கிரெடிட் கார்டு காப்பீடும் பெரும்பாலும் ஆர்.வி.க்குச் செல்லாது. உங்கள் கார் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தூங்கப் போகும் முன், வானம் எப்படி இருந்தாலும், ஆனிங்கைச் சுருட்டிவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் விடாதீர்கள். அது சுண்ணாம்புக்கல் பூமி, ஊற்றியது வடிகட்டாமல் நேரே குகைக்குத்தான் போகும். பக்கத்து ஊரான ஹார்ஸ் கேவில் உள்ள ஹிடன் ரிவர் குகையை ஊர்ச் சாக்கடை கெடுத்து, நாற்றம் தாங்காமல் 1943இல் மூடினார்கள். மறுபடி திறக்க அரை நூற்றாண்டு ஆனது.

மேமத் குகையைப் பார்க்க, அம்மாவுக்கு 'ஃப்ரோசன் நயாகரா' என்ற சுற்று எடுங்கள். கட்டாயம் ஏற வேண்டியது 12 படிகள்தான். புகழ்பெற்ற 'ஹிஸ்டாரிக்' சுற்றில் ஐந்நூறுக்கு மேல், அது அவருக்கு வேண்டாம். உள்ளே எப்போதும் 12 டிகிரி சுற்றித்தான் இருக்கும். காதை மூட ஒரு மப்ளர் எடுத்து வையுங்கள்.